பின்னோக்கி நடந்த பேண்டு மாஸ்டர்

பிள்ளைகளா, இன்று விளக்குத் தேய்த்தபோது வந்த பாலிஷ் வாசனை, வாடிப்பட்டியில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட செல்லையா மாமாவின் பேண்டு செட் கொட்டகைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. வெயிலில் மின்னும் டிரம்பெட்டுகள், ஆணியில் தொங்கும் சிவப்புக் கோட்டுகள், ஆளுக்கொரு பக்கம் ஊதிப் பார்க்கும் சத்தம்.

எங்கள் பக்கத்தில் முதன்முதலில் அம்புட்டுப் பெரிய செட்டை நடத்தியவர் மாமாதான். தன் ஆட்களைப் பார்த்துக் கையை வீசித் தாளம் காட்டியபடி பின்னோக்கியே நடப்பார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப ஊர் எல்லை வரை போன ஊர்வலத்திலும் அப்படியே நடந்தார். வாசிக்கிறவர்களுக்குப் பின்னால் காரில் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

"பொண்ணப் பெத்தவரே, இன்னைக்காச்சும் முன்னால பாத்து நடங்கண்ணே!" என்று டிரம் அடிக்கிறவர் கேலி செய்தார்.

"போடா, எல்லை வர்ற மட்டும் எம்புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு வாரேன்," என்றார் மாமா.

கேலி செய்தவரே டிரம்மை மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். ஊர்வலமே மெதுவாக நடந்தது.