சப்பை மூக்குக் குட்டிகள்

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை. அந்தத் தோட்டத்துத் துரைசானி சீமைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு நாயும் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய் என்றால் அதற்குக் காலும் மூக்கும் வேண்டாமா? இதற்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் மயிர் தொங்கியது. மூக்கைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போலிருந்தது. கண்கள் இரண்டும் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் நாங்கள் அதற்குச் சீனத்தான் என்று பெயர் வைத்தோம்.

சீனத்தானைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் சின்னம்மாவுக்கு. அம்மாவின் தங்கை, கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு இருந்தாள். பங்களாச் சமையற்காரர் அவளுக்குச் சொன்ன கதையை அவள் எங்களுக்குச் சொல்வாள். சீன ராசாவின் அரண்மனையில் மட்டுமே வளர்ந்த ஜாதியாம் அது. ராணிமார் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு உலாவுவார்களாம். வெளியாள் வைத்திருந்தால் தலை போய்விடுமாம். வெள்ளைக்காரப் பட்டாளம் அரண்மனையைக் கொளுத்தியபோது நாலைந்தைத் தூக்கி வந்ததாம். இது அந்த வம்சமாம். அதன் அப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் எழுதிய காகிதம் ஒன்று பங்களா மேசைக்குள் இருந்தது. எங்கள் பாட்டன் எந்தக் கரையில் தோணி ஏறினார் என்பதே அப்பாவுக்குத் தெரியாது.

ராஜவம்சம் என்பது அதன் நடத்தையிலும் தெரிந்தது. யார் கூப்பிட்டாலும் வராது. தன்னைப்போல் நான்கு மடங்கு நாயைக் கண்டாலும் முன்னால் போய் நின்று உறுமும். தூங்கினால் குறட்டை. சின்னம்மாவிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பகலில் அவள் லயத்துக்கு வரும்போது அதுவும் வரும். கயிற்றைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருநாள் கொய்யாப்பழத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிட்டு மரம் ஏறினேன். இறங்கி வந்தபோது சீனத்தான் எங்கள் பெட்டை நாய் கறுப்பியோடு லயத்துக்குப் பின்னால் நின்றது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கறுப்பி நான்கு குட்டி போட்டாள். நான்குக்கும் சப்பை மூக்கு. லயமே கூடிநின்று சிரித்தது. பிள்ளை பிறந்தால் தகப்பன் வீட்டில் காட்ட வேண்டாமா, துரைசானி சந்தோஷப்படுவாள் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"வேணாம்டி, பெரிய எடத்துப் பொல்லாப்பு," என்றாள் அம்மா.

சின்னம்மா சுவரோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதங்களில் அவள் வெயிலில்கூடக் கம்பளியை எடுப்பதில்லை. கேட்டால் குளிர் என்பாள்.

"கொண்டு போங்க மச்சான்," என்றாள் அப்பாவிடம். "தொர என்னா சொல்றாருன்னு பாப்போமே."

"அப்ப நீயும் வா."

"எனக்கு மேலுக்கு முடியல. புள்ளயக் கூட்டிட்டுப் போங்க."

குட்டிகள் கண் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அப்பா பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்பவர். தினமும் போகிற இடம்தான். அன்று கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டார். கொழுந்துக் கூடையில் பழைய சேலையை விரித்துக் குட்டிகளைப் படுக்க வைத்தோம். கண்ணுபடாமலிருக்க ஒவ்வொன்றின் கன்னத்திலும் நான் மை வைத்தேன். பிள்ளை பிறந்த வீட்டார் கொடுப்பதைப்போல ஒரு தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்தோம்.

துரையும் துரைசானியும் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் சீனத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அப்பா சலாம் போட்டுத் துணியை விலக்கினார். துரைசானி ஒரு குட்டியைத் தொட்டாள். யாருடைய குட்டி என்று விளங்கியதும் கையை இழுத்துக்கொண்டு துரையைப் பார்த்தாள். துரை கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"ஜாதி கெட்டுப் போச்சு. லயத்துக் குட்டி. பங்களாவுக்கு வரக் கூடாது. தண்ணியில போடு."

அப்பா விளங்காதவர்போல் சிரித்தார். துரை ரோஜாச் செடிகளுக்கு நடுவிலிருந்த தண்ணீர்த் தொட்டியை விரலால் காட்டினார். தினமும் அப்பா நீர் மொள்ளும் தொட்டி அது. கூடையின் வாயைச் சேலையால் கட்டி அப்பாவே அமுக்கினார். கோட்டு தோள்வரை நனைந்தது. அதிகம் சத்தம் வரவில்லை. சீனத்தான் ஒருதரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கியது. கற்கண்டுத் தட்டைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அப்பா வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சின்னம்மா என்னை லயத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள். குட்டிகள் எங்கே என்று கேட்கவில்லை.

"தொர என்னா சொன்னாரு? அப்புடியே சொல்லு."

துரை பேசுகிற தமிழை அப்படியே பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. எப்போதும் அதற்கு அதிகம் சிரிப்பவள் சின்னம்மாதான். அழுகையை விழுங்கிக்கொண்டு, கோப்பை பிடிப்பதுபோல் ஒரு கையை வைத்து, மறுகை விரலை நீட்டிச் சொன்னேன்.

"கோவமாச் சொன்னாரா?"

"இல்ல. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே சொன்னாரு."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். முதல் தடவையைவிட நன்றாகவே வந்தது.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடித்தபோது சின்னம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. தோட்டத்தார் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் போனால் வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அது தெரிந்தேதான் போனாள். கம்பளி போர்த்திய ஒருத்தியைப் பூனாகலையில் கண்டதாக ஒருவர் சொன்னார், ஹல்துமுல்லையில் என்று இன்னொருவர். அப்பா இரண்டு இடத்துக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். சீனத்தான் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று துரைசானி அழுதாளாம்.

நாய்க்குட்டிக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா என்று எனக்குச் சின்னம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. என் முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அன்று சின்னம்மாவுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை துரையுடையது. பிறந்தால் துரை கைவிட மாட்டார் என்று ஒரு மனம், விட்டுவிடுவார் என்று ஒரு மனமாக அவள் தவித்துக்கொண்டிருந்தாளாம்.

பண்டாரவளைக் கடைத்தெருவில் பூனைக்கண் உள்ள ஆளைக் கண்டால், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்குமா என்று இன்றைக்கும் நின்று பார்க்கிறேன். கேட்கத் துணிவு வந்ததில்லை. கேட்டால் என்னைப் பற்றி என்னவென்று சொல்வேன்? துரை சொன்னதைச் சின்னம்மாவுக்கு இரண்டு தரம் நடித்துக் காட்டியவள் நான். நாய்க்குட்டிகளின் சேதியைச் சொல்வதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.