அழித்ததை முதலில் படிக்கிறவர்

பூமி தானாகச் சுற்றுகிறது என்று அறிவியல் வாத்தியார் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தின் முதல் மாடிக் கோடி அறையில் 'அப்புறம் மிஸ்' நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போடுகிறாரே, அந்த உந்தலில்தான் அது சுற்றுகிறது. அவர் லீவு போட்டால் பகல் இரவாகாது, கடல் வற்றிப்போகும், கேன்டீனில் டீ சூடாகக் கிடைக்கும். அவ்வளவு விபரீதமும் நடக்கும்.

நாற்காலிகள் நாலு. மேஜை சுவரைப் பார்த்தபடி தண்டனை வாங்கிய பையன் போல மூலையில் நிற்கும். "நடுவுல மேஜையைப் போட்டா அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிடும்பா" என்பார். நாலில் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதைப் பழுதுபார்க்க வந்த தச்சரை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். அது கத்துகிற அப்பாக்களுக்கான நாற்காலி. குரல் உயர்ந்தால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் நாற்காலி 'டக்கு டக்கு' என்று தாளம் போடும். தாளத்தோடு கோபப்பட எந்த அப்பாவாலும் முடிந்ததில்லை. இரண்டே நிமிடத்தில் குரல் இறங்கிவிடும்.

அறைக் கதவில் 'மாணவர் ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நாற்பதைத் தாண்டிய வயது. செருப்பை எப்போதும் அறை வாசலிலேயே விட்டுவிட்டு அது எங்கே என்று தேடும் வழக்கம். கொண்டையில் சொருகிய பென்சிலையும் அப்படியே தேடுவார். பேச்சு அதிகம் கிடையாது. யார் என்ன சொன்னாலும், "அப்புறம்?" அதனால்தான் அந்தப் பெயர்.

முதல் 'அப்புறம்' என்றால், கதை விடாதே. இரண்டாவது என்றால், விட்ட கதை போதும். மூன்றாவதில் எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனும் உண்மையைக் கக்கிவிடுவான். ஐந்தாவது வரை தாக்குப்பிடித்த ஒரே ஆள் உதவித் தலைமை ஆசிரியர். அவர் ஸ்டேப்ளர் கேட்க வந்தவர். தன் மாமனாரோடு பதினோரு வருடமாக நடக்கும் தகராறு முழுவதையும் கொட்டிவிட்டு, ஸ்டேப்ளரை மறந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைகளில் அப்புறம் மிஸ் இரண்டு வீடுகளுக்கு போன் போடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே வீட்டில் கேட்பது ஒன்றுதான்.

"என்ன பண்ணித் தொலைச்சான் மிஸ்? உடைச்சுட்டானா? அடிச்சுட்டானா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. வெள்ளிக்கிழமை கணக்கு வராத பையன் ஒருத்தனுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் போனைக் காதிலிருந்து எடுத்து, வந்த நம்பரை ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

"மிஸ், நீங்க வேற நம்பருக்குப் போட்டுட்டீங்க போலிருக்கு."

அப்படிப்பட்டவருக்கே போன வாரம் முழி பிதுங்கியது. கடைசி வகுப்புக்காரர்கள் அடுத்து என்ன படிக்கப்போகிறோம் என்று படிவத்தில் மூன்று விருப்பங்களை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் கம்ப்யூட்டர் காலியாகக் கிடக்கிற இடத்தில் தூக்கிப் போட்டுவிடும். போன வருஷம், கோழியைக் கண்டாலே சுவரேறிக் குதிக்கிற ஒருவன் கோழிப் பண்ணைப் படிப்பில் போய் விழுந்தான்.

படிவத்தோடு ஆளுக்கொரு துண்டுப் பென்சிலும் அழிரப்பரும் கொடுப்பது அப்புறம் மிஸ்ஸின் வழக்கம். "முதல்ல பென்சில்ல எழுதுங்க. பேனா எங்கயும் ஓடிப்போயிடாது. எத்தனை தடவை வேணா அழிங்க." படிவங்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். எழுதியதை அல்ல, அழித்ததைத்தான் முதலில் படிப்பார். "எழுதினதை ஆபீஸ்ல படிச்சுக்குவாங்க" என்பார்.

புதன்கிழமை வந்த படிவங்களில் ஒன்று வெறுமையாக இருந்தது. மூன்று கட்டத்திலும் ஒரு எழுத்து கிடையாது. கையெழுத்தும் கிடையாது. அது மேனேஜருடையது.

மேனேஜர் என்பது பஸ் நிலையத்துக்கு எதிரே அலமாரி அகலத்தில் சாவிக்கடை வைத்திருப்பவரின் மகள். அம்மா இல்லாத வீட்டில் பத்து வயதிலிருந்தே அவள்தான் நிர்வாகம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போவாள். எந்த வீட்டுக்குப் பூட்டு மாற்ற வேண்டும், யார் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறார் என்றெல்லாம் அப்பாவின் போனுக்கு வருகிற மெசேஜ்களை அவள் உரக்கப் படிப்பாள். அப்பா கேட்டுக்கொண்டே அரம் போடுவார். அவருக்கு போனில் பச்சையை அழுத்தத் தெரியும், சிவப்பை அழுத்தத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஊரே அறிந்த விஷயம் அது.

அப்புறம் மிஸ் வெற்றுப் படிவத்தை ஜன்னலில் சாய்த்துப் பிடித்தார். முதல் கட்டத்தில் தாள் பஞ்சு பஞ்சாகத் தேய்ந்திருந்தது. எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து, மூன்றாவது தடவையும் எழுதி அழித்த இடம். மூன்று தடவையும் ஒரே படிப்பு: நில அளவை.

மேனேஜரைக் கூப்பிட்டார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"படிப்பெல்லாம் எனக்கு இஷ்டமில்ல மிஸ். கடையையே பார்த்துக்கறேன்."

"அப்புறம்?"

"அந்தக் காலேஜ் பஸ்ல ஆறு மணி நேரம். ஹாஸ்டல்லதான் இருக்கணும்."

"அப்புறம்?"

"நான் போனா மூணாம் நாள் கடையை மூடிடுவாரு மிஸ்! ஒரு மெசேஜ் படிக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு. சாவி தொலைச்சவங்க எல்லாம் அவங்கவங்க வாசல்லயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அப்பாவை அழைத்து வரச் சொல்லி அப்புறம் மிஸ் ஒரு கடிதம் கொடுத்தார். அது அவள் பையின் அடியில் போய்ப் பத்திரமாகப் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அப்புறம் மிஸ் சாவிக்கடைக்குப் போனார். அறைக்கு மாற்றுச் சாவி வேண்டுமாம். நல்ல பள்ளிக்கூட நேரம், மேனேஜர் வகுப்பில் இருந்தாள். சாவிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் போனில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய வேகத்தைப் பார்த்தால் மிருதங்கக்காரர் கெட்டார். ஆள் நிழல் தெரிந்ததும் போன் அரத்துக்கு அடியில் மறைந்தது. கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. முகத்தில் 'ஐயோ பாவம்' வந்து உட்கார்ந்தது.

அப்புறம் மிஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே காலுக்குச் சாவிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். கடிதம் பைக்குள் தூங்கும்போது அவர் எப்படி வந்தார், யார் சொல்லி வந்தார் என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம். வந்தார், அவ்வளவுதான். கையில் இரும்புத்தூள் மினுமினுக்க, ஆடாத நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தார். கத்துகிற ஜாதி இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் மேனேஜர், 'நீ எதுக்குப்பா இங்க வந்தே?' என்ற முறைப்போடு.

உள்ளே நடந்ததை எழுத மேனேஜரிடம் அனுமதி வாங்கியாயிற்று. "எங்கப்பா சிரிச்சதை மட்டும் விட்டுடாதே" என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

"பாப்பா படிக்கலைன்னு சொல்லுது டீச்சரம்மா" என்று ஆரம்பித்தார் அப்பா. "அதுக்கு இஷ்டமில்லாததைப் படின்னு நான் எப்படிச் சொல்றது?"

"எனக்கு இஷ்டமில்லைன்னு யார் சொன்னா?"

"நீதானே சொன்னே?"

"உனக்காகத்தான் சொன்னேன்!"

"நான் கேட்டேனா?"

அப்புறம் மிஸ் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் தன் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டு இப்படி போன் நோண்டுகிறாரே என்று மேனேஜருக்குக் கோபமாகக்கூட வந்தது.

அப்பாவின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

மேனேஜர் பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். ஆனால் அப்பாவின் கட்டைவிரலுக்கும் ஒரு பழக்க தோஷம் இருந்தது. அது முந்திக்கொண்டது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. உதடு அசைந்தது. தோள் குலுங்கியது. பிறகு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், சத்தத்தில் கீழே சைக்கிள் ஷெட்டில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது.

மெசேஜ் இதுதான்: 'உங்கள் மகள் கயிறு பிடித்துப் பள்ளிக்கூடத்தை அளந்து, தலைமை ஆசிரியரின் நாற்காலி பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு நாளாக அவர் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்.'

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. மகளின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அப்பா. நீ படிச்சியா?"

"இல்லம்மா... எழுத்து பெரிசா இருந்துச்சு..."

"அப்பா!"

"அப்புறம்?" என்றார் அப்புறம் மிஸ்.

மாட்டிக்கொண்ட திருடன் போலத் தலையைக் குனிந்தார் அப்பா. "ரெண்டு வருஷமாத் தெரியும். பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லிக் குடுத்தாரு. பகல்ல வர்ற ஆர்டரை எல்லாம் நானேதான் பாக்கறேன்."

"ரெண்டு வருஷமா என்னை நடிச்சு ஏமாத்தினியா? பரீட்சை நேரத்துலகூட ஓடி ஓடி வந்தேனே, அறிவிருக்கா உனக்கு?"

"தெரியும்னு சொல்லிட்டா நீ சாயங்காலம் கடைக்கு வரமாட்டியே." இரும்புத்தூள் கையைப் பார்த்தபடியே சொன்னார். "நீ வந்து, எவன் எவன் சாவியைத் தொலைச்சான்னு குரலை மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டுவியே. எனக்கு நாள் பூரா அதுதான் கணக்கு."

மேனேஜருக்குத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை, விக்கல்தான் வந்தது. விக்கலுக்கு நடுவே சிரிப்பும் வந்தது. அப்புறம் மிஸ் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். பிறகு வெற்றுப் படிவத்தை அப்பாவின் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சாவியின் பல்லைப் பார்த்துப் பழகிய கண் அது. ஒரு நொடியில் படித்துவிட்டது.

"நில அளவை. மூணு தடவை எழுதியிருக்கு."

"மூணு தடவையும் இவளே அழிச்சிருக்கா" என்றார் அப்புறம் மிஸ். "நீங்க ஒண்ணும் தெரியாதுன்னு நடிச்சீங்க, இவ ஒண்ணும் வேண்டாம்னு நடிச்சா. ரெண்டு பேரும் நல்ல நடிகருங்கதான். ஆனா படிவத்துல நடிப்புக்குக் கட்டம் இல்லை, சார்."

அதற்குப் பிறகு நடந்தது சுத்தமான அலுவல். ஹாஸ்டலில் எத்தனை பேருக்கு ஒரு அறை, விடுமுறை எப்போது, உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் எழுதிப்போட வேண்டும், கிளம்புவதற்குள் கடை வேலையில் எதையெல்லாம் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் வாரம் ஒருமுறை இரண்டு பேருக்கும் தானே போன் செய்வதாகச் சொன்னார். "யாரு முதல்ல அழறீங்கன்னு பாக்கணும்" என்றார்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனாவைக் கையில் வாங்கியவர், கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்திருந்தார். ஆறு மணி நேரப் பஸ் பயணம் அவர் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அங்கிருந்து தினம் ஒரு மெசேஜ் போடுவியா?"

"போடறேன்ப்பா."

"பெரிசா போடு. சுருக்கமா போட்டா பதில் போட மாட்டேன்." கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "போய் உங்க ஹெட்மாஸ்டருக்கு உக்கார ஒரு இடம் பாத்துக் குடு."

அப்பாவும் மகளும் படியிறங்கிப் போகும்போது, ஊரில் யார் என்ன தொலைத்திருக்கிறார்கள் என்று அப்பா போனைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டே போனார். குரலை மாற்றி மாற்றிப் படிக்கத்தான் அவருக்கு வரவில்லை.

அப்புறம் மிஸ் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடினார். அது பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பெஞ்சில், வயிற்றைப் பிடித்தபடி, இதை எழுதுகிறவன் உட்கார்ந்திருந்தான்.

"வயித்து வலி இன்னும் போகலையா?"

"போகல மிஸ். சுருக் சுருக்குங்குது."

"மூணு நாளா வயித்து வலி. பாத்ரூமுக்கு ஒரு தடவைகூடப் போகல. காதை மட்டும் கதவுல வெச்சுக்கறே. வலி காதுலயா?"

அவன் காதைத் தடவிக்கொண்டான். சிரித்துச் சமாளித்தான். அவர் கட்டைப் பிரித்துக் கட்டைவிரலால் படிவங்களை ஓட்டினார்.

"உங்க வகுப்புல நாப்பத்தோரு பேர். இங்க நாப்பது படிவம் இருக்கு."

"ஆபீஸ்ல தொலைச்சிருப்பாங்க மிஸ். அவங்க ஒருமாதிரி."

"உங்கம்மாவுக்கு போன் போட்டேன். வேலையிலிருந்து கிளம்பிட்டாங்க. மூணே முக்காலுக்குள்ள வந்துடுவாங்க."

இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது. "என்ன பண்ணித் தொலைச்சான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. ஒண்ணும் தொலைக்கல, சாப்பாட்டு நேரத்துல சுவரேறிக் குதிச்சு ஓடி, சாவிக்கடைக்காரரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது உங்க பையன்தான்னு சொன்னேன்."

"நான் இல்ல மிஸ்! நான் அந்தப் பக்கம் மாத்திரை வாங்கத்தான்..."

"அவங்க நம்பல. நம்பர் மாறிப்போச்சுன்னாங்க. அதான் நேர்ல வந்து கேட்டுக்கங்கன்னு சொன்னேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை. படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, இரண்டு பேருக்கும் நடுவே இன்னொருவர் உட்கார இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.