மெஹராஜ் பேகம் ஏறிய பேட்டரி ரயில்

அய்யம்பேட்டை மெஹராஜ் பேகத்துக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் பத்தொன்பது வருடம் அவள் கணவர் லியாகத் அலி சவூதியில், தம்மாம் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். "அங்க என்ன வேலைங்க?" என்று போனில் கேட்டால், "வண்டிக்குப் பேட்டரி மாத்துறது" என்பார். அதற்குமேல் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குத் தாவிவிடும். ஏதோ ஸ்கூட்டர் பேட்டரி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இதற்குப் போய் மனுஷன் கடல் தாண்டிக் கிடக்கணுமா என்று சில நாள் கோபம்கூட வரும்.

போன வருடம் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். திருச்சியில் அரசப்பன் என்பவர் பேட்டரியில் ஓடும் ரயில் பெட்டி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பட்டறையில் வேலை கிடைத்தது. தை மாதம், ஊரெங்கும் அறுவடை நடந்த சமயம், திருச்சியில் ரயில் தொழில் கண்காட்சி வந்தது.

"நீயும் வாயேன் மெஹராஜ்" என்றார். கிளம்பிவிட்டாள்.

மைதானத்தில் தண்டவாளம் போட்டு, அதன்மேல் பச்சைப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். ரயில்வே அதிகாரி ஒருவர் விடாமல் கேட்டார்: "நடுவழியில சார்ஜ் தீர்ந்துபோச்சுன்னா? ஜனங்க நாலு மணி நேரம் காத்திருக்கணுமா?"

அரசப்பன் திரும்பினார். "பாய், கொஞ்சம் காட்டுங்க."

லியாகத் அலி கையுறை மாட்டினார். மின்சாரத்தை நிறுத்தி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் அடிப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு பேட்டரி! மெஹராஜ் வாயில் கைவைத்தாள். அவர் பூட்டை விடுவித்து இழுத்தார். அது உருளைகள்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, சக்கர மேசையில் உட்கார்ந்தது. அடுத்த மேசையிலிருந்த புதிய பேட்டரி உள்ளே போனது. ஆறே நிமிடம்.

"இந்த உருளை யோசனையே பாயோடதுதான்" என்றார் அரசப்பன். "தம்மாம்ல சரக்குத் தூக்குற வண்டிக்கு இப்படித்தான் மாத்துவாராம்."

அதிகாரி கைதட்டினார். கூட்டமும் தட்டியது. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, "எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் மெஹராஜ். சொல்லும்போதே கண் நிறைந்து, சிரிப்பும் வந்துவிட்டது.

பிறகு அவளையும் பெட்டியில் ஏற்றினார்கள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கடகடவென்று சத்தம் வரும் என்று காத்திருந்தாள்.

"எப்பங்க கிளம்பும்?"

"ஜன்னல்ல பாரு. பாதி தூரம் வந்தாச்சு."

எட்டிப் பார்த்தாள். வெளியே கொடிக்கம்பங்கள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. "அட அல்லாவே!" என்று அவள் கத்தியதில் உள்ளிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னொரு ரவுண்டு போலாமாம்மா?" என்றார் அரசப்பன்.

"போலாம் அண்ணே!"

மூன்று தடவை போய்வந்தார்கள். அதற்குள் ஊருக்குப் போகிற சாயங்கால ரயில் போய்விட்டது. பரவாயில்லை என்று, இருவரும் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்கள்.