ஆபீசர் மூட்டை

சங்கரன்கோவிலில் விதை ஆய்வாளராகச் சேர்ந்த அன்றே எனக்கென்று ஒரு மூட்டை காத்திருந்தது. நான் முதலில் போன விதைக்கடையில், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு உளுந்து மூட்டை. உட்கார்ந்தபடியே குத்தூசியை விட்டு சாம்பிள் எடுக்கலாம். டீயும் வந்துவிடும். கடைப் பையன்கள் அதை 'ஆபீசர் மூட்டை' என்றே சொன்னார்கள்.

எனக்கு முன்னால் இருந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதில்தான் எடுத்தார்களாம். பரிசோதனை நிலையத்தில் அது ஒருமுறைகூட பெயில் ஆனதில்லை. எப்படி ஆகும்? கடைக்காரர் தன் சொந்த மானாவாரிக் காட்டில் விதைக்கப் பொறுக்கி வைத்த உளுந்து அது.

முன்பெல்லாம் விவசாயி தன் விதையைத் தானே எடுத்து வைத்தான். முளைக்காவிட்டால் தன்னையே திட்டிக்கொண்டான். அறுபத்தாறில் விதைச் சட்டம் வந்தது. லேபிள் வந்தது, முளைப்புத்திறன் அச்சிட்டு வந்தது, அதைச் சரிபார்க்க நாங்களும் வந்தோம். எல்லாம் வந்த பிறகு நாற்காலியும் வந்தது.

சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டையைக் காட்டி, அதில் எடுக்கிறேன் என்றேன். கடைக்காரருக்கு முகம் மாறியது.

"லோடுமேன் சாப்பிடப் போயிருக்கான் சார். எல்லாம் ஒரே லாட்டுதான. இதுல எடுத்தா என்ன, அதுல எடுத்தா என்ன?"

"அப்போ அதுலயே எடுக்கேன்" என்று அடுக்குக்குப் பின்னால் புகுந்து அடிமூட்டையில் குத்தினேன். ஓட்டை விழுந்த உளுந்தும் மாவும் ஒரு வண்டும் வந்தன. அந்த மூட்டையில் உயிரோடு இருந்தது அந்த வண்டு மட்டும்தான். லேபிள் புதுசு, உளுந்து பழசு. அந்த லாட் எண் போட்ட எல்லா மூட்டைக்கும் விற்பனைத் தடை போட்டேன்.

மழைக்கு டார்கெட் தெரியாது

எங்கள் அலுவலகத்தில் மாதத்துக்கு இத்தனை சாம்பிள் என்ற டார்கெட் மாதக் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் மாதக் கடைசியில்தான் சாம்பிள். மழை அதைக் கேட்டுவிட்டா பெய்யும்? நான் சேர்ந்து தடை போட்ட அன்றைக்கு முந்தின நாளே பெய்திருந்தது. கடை வாசலில் விதை வாங்க ஆட்கள் நின்றார்கள். ராயகிரிக்காரர் கோமதிநாயகம் என் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்து நின்றார். குத்தகைக்குக் காடு பிடித்தவர். அந்த ஈரத்தில் விதைக்காவிட்டால் அந்த வருஷம் அவருக்கு ஒன்றுமில்லை.

"காடு பதமா கெடக்கு. உம்ம ரிசல்ட்டு எப்ப வரும்?"

முளைப்புச் சோதனைக்கே ஏழு நாள் என்றேன்.

"ஏழு நாள் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிட சொல்லுதீரா வே? இத்தன நாள் எங்கன போயிருந்தீரு?"

அவர் கேட்டது நியாயம். அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தேன் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? அரசாங்கத்துக்கு ஏது புது ஆள், பழைய ஆள்? வேறு கடையிலும் விதை இல்லை. அவர் என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

மேலதிகாரி போனில் திட்டினார். "சீசன் நேரத்துல எதுக்குய்யா பின்னாடியெல்லாம் போய் குத்துற?"

ரிசல்ட் வந்தது. பெயில். அதைக் கொண்டு ராயகிரிக்குப் போனேன், காடு தரிசாகத்தான் கிடக்கும் என்ற நினைப்பில். உளுந்து முளைத்து நின்றது. அங்கங்கே சொட்டை, நாலு ரகக் கலப்பு. ஆனாலும் பயிர்.

விதை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "காதர் பாய் பலசரக்குக் கடையில தோலோட முழு உளுந்து அள்ளிட்டு வந்தேன். வீட்டுல களி கிண்டுத உளுந்துதான்" என்றார் கோமதிநாயகம்.

யாரும் இதைச் செய்யாதீர்கள். அவருக்கு அதிர்ஷ்டம். அவ்வளவுதான்.

அடுத்த குற்றவாளி

விஷயம் ஊரில் பரவியது. நான் தடை போட்ட விதைக்கடைக்காரர் புகார் கொடுத்தார், காதர் பாய் உரிமம் இல்லாமல் விதை விற்றார் என்று. சொத்தை விதை விற்றவருக்கு விளக்கம் கேட்டு நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்குப் பதிலே இல்லை. இந்தப் புகார் மட்டும் அன்றைக்கே என் மேஜைக்கு வந்தது. உடனே கேஸ் போடு என்றார் மேலதிகாரி.

காதர் பாய் தராசை விட்டுக் கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"சார், நான் களி கிண்டத்தான் வித்தேன். அவரு காட்டுல போய்க் கிண்டுனா நான் என்ன செய்ய?"

இதை அப்படியே எழுதி அனுப்பினேன், கேஸ் போட முகாந்திரம் இல்லை என்று. எனக்கு மெமோ வந்தது. காதர் பாய் உளுந்துச் சாக்கில் 'சமையலுக்கு மட்டும்' என்று அட்டை மாட்டினார். அடுத்த மழைக்கு அந்த அட்டைக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது.

ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது லேபிளில் க்யூஆர் கோடு வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்கள் பெருமையாக ஸ்கேன் பண்ணிக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். மழைக்கு முன்னால் போங்கள். நாற்காலியில் உட்காராதீர்கள். ஆபீசர் மூட்டையிலும் சுவரோர மூட்டையிலும் ஒரே க்யூஆர் கோடுதான் ஒட்டியிருக்கும். போனை நீட்டினால் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். வேறு பதில் வேண்டுமானால் குத்தூசியை நீட்டுங்கள்.