குமாசியில் நான் மறுத்த தண்ணீர்

திங்கட்கிழமை, இத்தாலியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா, "கோப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவருக்கே ஆச்சரியம். எட்டு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிறேன்... கேட்டவுடன் சரி என்றது அன்றுதான்!

எல்லாம் கானா போய்வந்த பலன்.

கானாவில் எனக்கென்ன வேலை என்கிறீர்களா? பெண் கேட்கப் போனேன்.

ரூபன் இங்கே எனக்குத் தம்பி மாதிரி, வன்னிப் பிள்ளை. ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தில் சமைக்கிறான். கூட வேலை செய்யும் அகோசுவா கானாக்காரி. இருவருக்கும் மனம் ஒத்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் நேரில் வந்து கேட்டால்தான் பெண் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். ரூபனின் பெற்றோர் போரில் போய்விட்டார்கள்.

"அக்கா, எனக்கெண்டு பொம்பிளை கேக்க ஆர் இருக்கினம்? நீங்கள் வாறீங்களோ?"

மறுக்க மனம் வருமா?

முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். ஊசி போட்ட அட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள் — விமான நிலையத்தில் கேட்பார்கள். இடது கையால் எதையும் நீட்டாதீர்கள். இது நமக்குத் தெரிந்ததுதான். கடையில் விலை கேட்கும் முன் வணக்கம் சொல்லுங்கள். இங்கே பல்லாரோ சந்தையில் கத்திப் பழகிய நான் அங்கேயும் எடுத்த எடுப்பில் தக்காளி விலை கேட்டேன். கடைக்காரம்மா நான் வணக்கம் சொல்லும்வரை புன்னகையோடு காத்திருந்தார். பிறகு இரண்டு தக்காளி கூடுதலாகப் போட்டார்!

எல்லாவற்றையும்விட முக்கியம் — தண்ணீர்.

குமாசியில் அகோசுவா வீட்டுக் கூடம் நிறைய உறவினர். உட்கார்ந்ததும் தட்டில் தண்ணீர் வந்தது. சின்னப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்தது, வயிற்றுக்குப் பயமில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "வேண்டாம், இப்போதுதான் குடித்தோம்" என்றேன். நம் வீடுகளில் அப்படித்தானே? இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார்கள், பிறகு வாங்குவோம்.

அங்கே யாரும் வற்புறுத்தவில்லை. தட்டு உள்ளே போய்விட்டது.

பயணம் பற்றிக் கேட்டார்கள். மழை பற்றிப் பேசினார்கள். அரை மணி நேரமாயிற்று... வந்த காரியத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. ரூபன் என் காதருகே குனிந்தான்.

"அக்கா, அவையளுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல. போவமோ?"

அகோசுவா மெல்ல வந்து இத்தாலியனில் கிசுகிசுத்தாள்: "தண்ணீர் குடிக்காதவர்களிடம் வந்த காரியம் கேட்கமாட்டார்கள். குடியுங்கள்!"

வெட்கத்தை விட்டு நானே தண்ணீர் கேட்டேன். பையின் மூலையைக் கடித்து நானும் ரூபனும் ஒரே மூச்சில் குடித்தோம். கூடமே சிரித்தது. அவளுடைய பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லது. இனிச் சொல்லுங்கள், என்ன காரியமாக வந்தீர்கள்?"

எவ்வளவு அழகான வழக்கம்! வந்தவரின் தாகம் தீர்ந்த பிறகுதான் கேள்வி. போகும் இடமெல்லாம் 'எதற்கு வந்தாய்' என்ற கேள்வியே முதலில் காதில் விழுந்து பழகிய எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண் கேட்டோம். அப்பா மகளை அழைத்தார். நாங்கள் கொண்டுபோன சீர்ப் பொருட்களை வாங்கிக்கொள்ளலாமா என்று பெண்ணிடம் மூன்று முறை கேட்பது அவர்கள் முறை. முதல் இரண்டு தடவை வெட்கப்பட்டு நிற்பாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கே! இரண்டு தடவையும் அவர்கள் பாஷையில் பளிச்சென்று சம்மதம் சொன்னாள். மூன்றாவது தடவை, ரூபனைப் பார்த்து —

"ஓம்!"

நம்முடைய சொல்தான். நமக்குத்தான் அது வாயில் வர மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது.