கண்ணை மூடித் தாண்டுதல்

பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சருக்கு மூச்சுப் பலத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும் என்பதை, என்னைப்போல விசிலும் கையுமாக நிற்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வராந்தாவில் ஓட்டம்

உத்தமபாளையத்தில் எங்கள் பள்ளிக்கு மைதானம் என்பது, ஊரார் நெல் காயப்போட்டது போக மிச்சமிருந்த இடம். அதனால் சென்னைக் கல்லூரியில் கற்ற ஒரு முறையைக் கையாண்டேன். பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஓடி வருவதையும், காலூன்றி எழும்புவதையும், கயிற்றைத் தாண்டி மணலில் விழுவதையும் மனசுக்குள் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். எட்டிப் பார்த்த தலைமையாசிரியை கேட்டார்: "இது டிரில் பீரியடா, ஜெபக் கூட்டமா?"

கயிற்றுக்குப் பக்கத்தில்

பொன்னுத்தாய் காமயகவுண்டன்பட்டிப் பெண். பெரியகுளத்துப் போட்டியில் உயரம் தாண்டி ஜெயித்தால் விடுதியில் சேர்த்து மேலே படிக்கவைப்பதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு படிப்பு முடிந்தது. ஆனால் கயிற்றை நெஞ்சளவுக்கு உயர்த்தினால் ஓடி வந்து நின்றுவிடுவாள். கண்ணை மூடினால் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தேன் ஓடியாரேன் டீச்சர். கயித்துக்கிட்ட எங்கய்யா நிக்கிறாரு."

அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்துப் பார் என்றேன். மறுநாள் நிஜக் கயிற்றையே தாண்டிவிட்டாள். எப்படி என்று கேட்டதற்குச் சொன்னாள்: "மாடு அவுத்துக்கிட்டு ஓடுதுன்னு சொன்னேன் டீச்சர். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரு பின்னாடியே ஓடிட்டாரு."

ஓலைக் குச்சு

போட்டிக்கு முந்தின வாரம் அவள் வரவில்லை. பெரிய மனுஷியாகிவிட்டாள் என்றார்கள். புறப்பட்டுப் போனேன். அவள் தகப்பனாரிடம் பேச வேண்டியதை வழிநெடுக மனசுக்குள் பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் சம்மதித்தார்.

நேரில் அவர் மோர் கொடுக்கச் சொன்னார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நீங்க நல்லதுக்குத்தேன் சொல்றீக டீச்சரம்மா. தண்ணி ஊத்துற அன்னைக்கே அவ மாமன் வீட்டுல பரிசம் போட வாராக. நான் அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார்.

மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து வெளியே வந்தேன். வீட்டோரம் அவளுக்கென்று தென்னோலையில் குச்சு கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து மெல்லக் கூப்பிட்டாள்: "டீச்சர், இங்கன படுத்துக்கிட்டே தெனமும் தாண்டுறேன். ஒருக்காக்கூட கயிறு அசையல."

இந்தப் பயிற்சிக்கு மைதானமும் மணலும் தேவையில்லை என்று கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். தகப்பனாரின் சம்மதமும் தேவையில்லை என்பது மட்டும் நானாகக் கண்டுபிடித்தது.