தேர் நிற்காத வாசல்

போன திங்கட்கிழமை, கோமளம்மாளின் தங்கை மகன் ஆலைச் சட்டையோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான். "பெரிம்மா பூட்டாங்க மேடம். உங்களாண்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றான். அதற்குமேல் எனக்குப் பாடம் ஓடவில்லை.

தேரடித் தெருவில் அவரிடம் பேச்சு வாங்காதவர் நம்மில் யார்? கோலத்தை மிதித்துக்கொண்டு போன கல்லூரி முதல்வரையே, "கண்ணு இன்னா, பொடனியிலயா கீது?" என்று கேட்டவர். மறுநாளிலிருந்து முதல்வர் எதிர்ப்பக்கமாகத்தான் போனார்.

கல்லூரி தொடங்கிய புதிதில், வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து நான் வேலைக்கு வந்தேன். பழம்பெருமை பேசுகிற தெரு. என் பெயர் மேரி என்றதும் காலியாயிருந்த வாடகை அறைகளுக்கெல்லாம் திடீரென்று ஆள் வந்துவிட்டது. அப்பா வயலில் கூலிவேலை என்றால் கேட்கவே வேண்டாம். கோமளம்மாள் மட்டும் தன் வீட்டு அறைச் சாவியை நீட்டினார். "கெணத்துல நீயேதான் தண்ணி எறச்சிக்கணும். எனக்கு முதுகு வலி" என்றார்.

அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் இறைத்ததுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை. திருவிழாவுக்கு முன் பெரியவர்கள் திரண்டு வந்தார்கள். தேர் வீட்டுக்கு வீடு நின்று கற்பூரம் வாங்கிப் போவது வழக்கம். என்னை அனுப்பாவிட்டால் இந்த வாசலில் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு நாளுக்காக ஆண்டெல்லாம் காத்திருப்பவர் கோமளம்மாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

"அத்த அவுத்து வை. சாமி வருஷத்துக்கு ஒரு தபா வர்றாரு. நீ தெனம் வர்ற. யாருக்குக் கதவு தொறக்கறது?" என்றார்.

தேர் வந்தது. தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். வடம் பிடித்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். தேர் நிற்கவில்லை. தைரியசாலி என்று நாமெல்லாம் சொல்லும் கோமளம்மாள் அன்று அழுதார், நான் பார்த்தேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "ஏத்தின கற்பூரத்த யாருக்கும் காட்டாம உள்ள எடுத்துக்கினு போவக் கூடாது" என்று, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். தெருவே பார்க்க, தட்டை என் முகத்துக்கு நேரே சுற்றினார்.

குனிந்தே நடந்து பழகியவள் நான். அன்று அந்த வெளிச்சத்தில் தலையை நிமிர்த்தினேன். அதன்பின் அந்தத் தெருவில் யாருக்காகவும் குனிந்ததில்லை. கோமளம்மாள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.